பாரியின் குன்றும் ஹுன்னஸ்கிரிய மலையும்

சில மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு திருமண வரவேற்பு. மணமகளின் தோழி ஒருத்தி, கனடாவில் பிறந்து வளர்ந்தவள், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ‘இருவர்’ படத்தின் ‘நறுமுகையே’ பாடலைப் பாடினாள். உச்சரிப்பில் சிறு தடுமாற்றம் இருந்ததே தவிரச் சுருதி விலகவில்லை. பின்னர் சாப்பாட்டு மேசையில் அவள் என் அருகே அமர நேர்ந்தது. நான் பழைய பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

“அங்கிள், அந்தப் பாட்டில நிலாவைப் பற்றி ஒரு இடம் வருது. அது சங்க காலத்துத் தமிழ் எண்டு அம்மா சொன்னா. என்ன அர்த்தம்?” என்று கேட்டாள்.

சொன்னேன். அந்தச் சொற்கள் புறநானூற்றின் 112ஆம் பாட்டிலிருந்து வந்தவை. பாடியவர்கள் பாரியின் பெண்மக்கள் இருவர் என்பது மரபு. பறம்பு மலையை ஆண்ட வேள் பாரியை மூவேந்தர்களும் முற்றுகையிட்டு அழித்த பின்பு, தந்தையும் இல்லை, மலையும் இல்லை என்று ஆகிவிட்ட நிலையில், வானில் அதே முழுநிலவைக் கண்டு அந்தப் பெண்கள் பாடியது அது என்று விளக்கினேன்.

சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அது சாவீட்டுப் பாட்டெல்லோ? அதை ஏன் காதல் பாட்டில போட்டவை? அது பிழை இல்லையா?” என்றாள்.

“பிழைதான்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கவனித்திருக்கலாம். வாய் எழவில்லை. ஏனென்றால் அதே பாட்டை ஒருவர் வேறொரு விதமாக மாற்றி எழுதியபோது, அது பிழை என்று ஒருமுறை தீர்ப்பளித்தவன் நான். ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தீர்ப்பைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

*

பாட்டை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோதுதான் அது அச்சுலகுக்கு வந்தது. 112ஆம் பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. திணை பொதுவியல், துறை கையறுநிலை. சென்ற மாதத்து நிலவின்போது எங்களுக்குத் தந்தை இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து நிலவில் முரசு முழக்கி வென்ற வேந்தர்கள் மலையைக் கொண்டார்கள், எமக்குத் தந்தையும் இல்லை. இவ்வளவுதான் பொருள். அழுதோம் என்ற சொல் அதில் இல்லை. பகைவரைச் சபிக்கும் சொல்லும் இல்லை. நிலவை இரண்டு முறை காட்டிவிட்டு, நடுவில் நடந்ததைக் கேட்பவரின் நெஞ்சுக்கே விட்டுவிடுகிறார்கள் அந்தப் பெண்கள்.

பாரியின் நண்பரான கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் இவர்களை மணந்துகொள்ளும்படி வேண்டினார். இருவரும் மறுத்தனர். வழியில் திரும்பித் திரும்பிப் பறம்பைப் பார்த்துக் கபிலர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் அடுத்தடுத்து வருகின்றன. மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் ஊர் ஊராகப் போய் இடம் கேட்பதும், போகும் வழியில் மலையைத் திரும்பிப் பார்ப்பதும் தமிழ்க் கவிதைக்கு மிகப் பழைய காட்சிகள்.

*

1974ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஞாயிறு வாரமலரின் கவிதைப் பக்கம் என் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. கிழமைக்கு இரண்டு கட்டுத் தபால் வரும். அரைப் பக்கத்தில் நான்கு கவிதைகளுக்கு இடமிருக்கும். மிகுதியைத் திருப்பவேண்டும். தபால் முத்திரை வைத்து அனுப்பியவர்களுக்குத் தபாலட்டையில் இரண்டு வரி பதில் எழுதுவது வழக்கம்.

ஒரு நாள், அப்பியாசக் கொப்பியிலிருந்து பக்குவமாகக் கிழித்த ஒற்றைத் தாளில் ஒரு கவிதை வந்தது. உறையில் ஹுன்னஸ்கிரிய என்ற தபால் முத்திரை. எழுதியவர் அந்தப் பகுதியிலிருந்த ஒரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியர். ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்ட பாடசாலைகள் அக்காலத்தில் தோட்டங்களில் இருந்தன.

கவிதை பாரி மகளிர் பாட்டை அப்படியே அடியொற்றி நடந்தது. அந்த மாதத்து நிலவு, இந்த மாதத்து நிலவு. அந்த மாதத்தில் தந்தை இருந்தார். விடியலில் தப்பு ஒலித்ததும் பிரட்டுக் களத்துக்குப் போனார். செக்றோலில் எங்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. இந்த மாதத்தில் தந்தையைத் தேயிலைக்கு அடியில் புதைத்தாயிற்று. செக்றோலில் எங்கள் பெயர் வெட்டப்பட்டாயிற்று. கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, மலை இல்லை. பழைய பாட்டில் வென்ற வேந்தரின் முரசு இருந்த இடத்தில் இவர் ஒரு பேனாவை வைத்திருந்தார். பேனா பிடித்தவர்கள் மலையைக் கொண்டார்கள் என்ற கருத்தில் கவிதை முடிந்தது. சொற்கள் இன்று என் நினைவில் இல்லை. ஒழுங்கு மட்டும் இருக்கிறது.

அது எந்தப் பேனா என்பதை அன்று எல்லோரும் அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று வகுத்தது. பின்னர் பேசியது 1974இல். ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தோட்டங்களில் மாவும் அரிசியும் கிடைக்காமல் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலமும் அதுவே.

இத்தனையும் செய்திப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. கவிதைப் பக்கத்திலிருந்த நான் தபாலட்டையில் எழுதியது இது: தங்கள் ஆக்கம் புறநானூற்றுப் பாடலொன்றின் நகலாக இருப்பதால் பிரசுரிக்க இயலவில்லை. சொந்தமாக எழுத முயலவும்.

இதை எழுதியபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பல்கலைக்கழகத்தில் புறநானூறு படித்தவன். ஒரு தோட்டத்து ஆசிரியர் என்னை ஏமாற்ற முடியாது என்ற எண்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எனக்கு மலையகம் என்பது ரயில் யன்னலுக்கு வெளியே தெரிந்த பச்சை நிறம் மட்டுமே.

மூன்று கிழமைகளுக்குப் பின் பதில் வந்தது. கோபமே இல்லாத கடிதம். ‘ஐயா அவர்கள் சொல்வது சரி. அந்தப் பாட்டு ஏற்கெனவே இருப்பது எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு நடப்பதும் அதுவே என்று விளங்கியது. வேறு பாட்டுக்கு நான் எங்கே போவேன்?’ இவ்வாறு எழுதியிருந்தார். அடியில், அடுத்த பௌர்ணமிக்குத் தாம் குடும்பத்துடன் மண்டபம் முகாமில் இருக்கக்கூடும் என்றும் ஒரு வரி இருந்தது.

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எங்கே எழுதுவது என்று தெரியவில்லை என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தையும் பத்திரப்படுத்தவில்லை.

*

நகல் என்று நான் எழுதியது எவ்வளவு பெரிய அறியாமை என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அதைத் தெரியவைத்தவர் பேராதனையிலும் கற்பித்த பேராசிரியர் க. கைலாசபதி. அவரும் எங்கள் தொழிலில் இருந்தவரே. 1950களின் முடிவில் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் அவர் செய்த ஆய்வு, தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. நான் தபாலட்டை எழுதுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்த நூல். நான் வாசித்தது பிந்தி.

சங்கப் பாடல்களில் ஒரே தொடர்களும் ஒரே காட்சிகளும் ஒரே உவமைகளும் மீண்டும் மீண்டும் வருவதைக் கைலாசபதி எடுத்துக்காட்டினார். கிரேக்கத்து ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டார். வாய்மொழி மரபில் வந்த பாணர்களும் புலவர்களும் முன்னோரிடமிருந்து பெற்ற தொடர்களையும் அமைப்புகளையும் கொண்டே புதிய பாட்டைக் கட்டினார்கள் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின் எல்லா அம்சங்களையும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் ஒன்று எனக்கு உறைத்தது. சொந்தமாக எழுத முயலவும் என்று நான் அறிவுரை சொன்னேனே, அந்த அறிவுரையைச் சங்கப் புலவர்களில் எவரும் விளங்கிக்கொண்டிருக்க மாட்டார். பிரிந்த தலைவிக்கு ஒரு மாலைப்பொழுது, காத்திருக்கும் தாய்க்கு ஒரு விரிச்சி, இறந்த தலைவனுக்கு ஒரு கையறுநிலை என்று வடிவங்கள் பொதுவில் கிடந்தன. வேண்டியவர் எடுத்துக்கொண்டார். அந்த ஆசிரியரும் அவ்வாறே எடுத்துக்கொண்டார். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவரைத் திருடன் என்று சொன்னவன் நான்.

மலையகத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதும் இதன் பிறகே. அங்கே பழைய பாட்டைப் புதிதாக்குவது ஒரு நீண்ட வழக்கமாக இருந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரிடையே முதலில் தொழிற்சங்கம் கட்டிய பத்திரிகையாளர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடிக் கூட்டத்தைத் திரட்டினார். பின்னர் சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டி, 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று வெளியிட்டார். கேட்டவர்களுக்கு மெட்டு தெரிந்திருந்தபடியால் சட்டமும் சம்பளமும் அந்த மெட்டிலேறி லயத்துக்குள் போயின.

1947இல் தலவாக்கலையிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அதைத் தமிழாக்கிய சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று பெயரிட்டார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுத பாட்டின் தலைப்பு ‘கரும்புத் தோட்டத்திலே’. ஒரு சொல்லை மாற்றியதில் பிஜியின் கண்ணீர் தலவாக்கலைக்கு வந்து சேர்கிறது. இதை நகல் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பாரதியே பாரதக் கதையின் சூதாட்டத்தை எடுத்துப் ‘பாஞ்சாலி சபத’மாக்கினார், 1912இல் அதன் முதற்பாகத்தை வாசித்தவர்கள், சபையில் நின்ற பாஞ்சாலியில் அடிமைப்பட்ட தாய்நாட்டைக் கண்டார்கள்.

எடுப்பதிலும் ஆபத்து உண்டு. போர்க்காலத்தில் எங்கள் மேடைகளில் அதிகம் அழைக்கப்பட்டவள் புறநானூற்றுத் தாய். ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் அந்தத் தாயை, பெற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற ஒளிந்து திரிந்த தாய்மாரின் முன்னால் நிறுத்திப் பேசினார்கள். அந்தத் தாயை மறுதலித்த குரல்களும் ஈழத்துக் கவிதையில் எழுந்தன. பழைய பாட்டை எடுப்பவர் தம் துயரத்துக்காக எடுக்கிறாரா, பிறரைத் துயரத்தில் தள்ள எடுக்கிறாரா என்பதைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

*

2023ஆம் ஆண்டு மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை நினைவுகூர்ந்தார்கள். முதல் வந்தவர்கள் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்தச் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு முறையாவது ஹுன்னஸ்கிரியவுக்குப் போகவேண்டும் என்று தோன்றியது. எழுபது வயதைக் கடந்தவனுக்கு இந்த வகை எண்ணங்களைத் தள்ளிப்போட உரிமையில்லை. அடுத்த மாதமே கண்டிக்கு ரயிலேறினேன்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் தென்னக்கும்புர, திகன, தெல்தெனிய எனப் பஸ் போகிறது. தெல்தெனியவை அண்மித்ததும் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். 1980களின் நடுப்பகுதியில் நிறைவேறிய அந்த அணைக்கட்டுக்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. இப்போதிருப்பது மேட்டில் புதிதாகக் கட்டிய நகரம். இங்கும் ஒரு முழு ஊரே தான் இருந்த இடத்தை விட்டு எழுந்துவந்திருக்கிறது.

இந்தத் தெல்தெனியப் பக்கத்துப் போப்பிட்டியில் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918). தமிழகத்துக் கோயில் நகரங்களைப் பாடப் பயன்பட்ட கலம்பகம் என்ற பிரபந்த வகையை எடுத்துக் ‘கண்டிக் கலம்பகம்’ பாடினார். அருணகிரிநாதர் முருகனுக்குப் பாடிய சந்தங்களை இஸ்லாமிய பக்திக்கு ஆக்கிச் ‘சந்தத் திருப்புகழ்’ பாடினார். பழைய வடிவங்களைக் கண்டி மலைக்குக் கொண்டுவந்து குடியேற்றியவர்களில் அவர் மூத்தவர். அந்தப் பெயர்ப்பலகைகளை யன்னலால் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஹுன்னஸ்கிரிய ஆசிரியருக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு முன்னோடி இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

தெல்தெனியவைத் தாண்டினால் மெதமஹநுவர. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒளிந்திருந்து பிடிபட்டது இந்தப் பகுதியில். 1815 பெப்ரவரி 18. நாயக்கர் மரபில் வந்த அந்த மன்னனும் அவன் தேவியரும் அடுத்த ஆண்டு கடல் கடந்து கொண்டுபோகப்பட்டார்கள். வேலூரில் சிறையிருந்து 1832இல் அவன் இறந்தான். அவன் ஆட்சியில் குறைகள் பல உண்டு. பாரியோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் முரசு முழக்கியவர்கள் ஒரு மலையைக் கொண்டதும், அதில் வாழ்ந்த பெண்கள் கடலுக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டதும் இந்த வீதியோரத்தில் நடந்தன. அப்படிக் கொள்ளப்பட்ட மலைகளில்தான் பின்னர் கோப்பியும் அதற்குப் பின் தேயிலையும் வந்தன. அவற்றை நட்டுப் பராமரிக்கத் தமிழகத்திலிருந்து மனிதர் வந்தனர். வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கடல் வழியே திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஹுன்னஸ்கிரிய சிறிய கடைத்தெரு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் உட்பக்கத்துக்கு, லூல்வத்தை வழியாக மீமுரேக்குப் போகும் பாதை இங்கிருந்துதான் பிரிகிறது. உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் நின்று தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு மேலே போகின்றன. காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் வீதிக்கு இறங்கியிருந்தது.

தேநீர்க்கடையில் விசாரித்து ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன். நான் தேடிய பாடசாலை இல்லை. அது இருந்த இடம் இதுதான் என்று ஒரு மரக்கறிப் பாத்தியைக் காட்டினார்கள். அங்கே கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா இருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஆசிரியரைப் பற்றிக் கேட்டேன்.

“மாஸ்டரா? அவரு போயி எத்தன காலமாச்சுங்க ஐயா. எங்க அண்ணன் குடும்பமும் அதே கப்பல்லதான் போனாங்க. கோத்தகிரிப் பக்கம்னு காயிதம் வந்துச்சு. பொறகு காயிதமும் வரல.”

“அவர் பாட்டு எழுதுவாராமே அம்மா?” என்று கேட்டேன்.

அவர் முகம் சற்றே மாறியது. “பேப்பருக்கெல்லாம் எழுதினாரான்னு எனக்குத் தெரியாதுங்க. போறதுக்கு மொத நா ராத்திரி பிரட்டுக் களத்துல எல்லாரும் கூடியிருந்தோம். நல்ல நெலா. மாஸ்டரு ஒரு பாட்டுப் படிச்சாரு. புள்ளைங்களும் கூடச் சேந்து படிச்சிச்சு. அவங்களுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தாரு போல.”

“ஏதாவது ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா?”

நெடுநேரம் யோசித்தார். “இல்லைங்க ஐயா. நெலா ரெண்டு வாட்டி வரும். அது மட்டுந்தான் நெனவிருக்கு. அன்னிக்கி அழாதவங்க யாருமில்ல.”

நிலா இரண்டு முறை வரும். அந்தப் பாட்டுத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறுநாள் காலையில் லொறியில் கண்டிக்குப் போய், அங்கிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறியிருக்கிறார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் சேர்ந்து அழுவார்கள். அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். 1984இல் போரினால் அந்தக் கப்பல் நின்றது. போனவர்களில் ஒரு பகுதியினருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்கள் இன்னொரு மலையில் கொழுந்து பறித்தார்கள். நெடுங்காலம் அவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே அவர்கள் ‘இந்தியாக்காரர்’.

அந்த அம்மா தந்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன். தபாலட்டையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று பஸ்ஸில் ஏறிய பிறகு தோன்றியது.

*

கனடாப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மகளே, வைரமுத்து செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். 1997இல் அந்தப் படம் வந்ததிலிருந்து, புறநானூற்றைத் தொட்டே பார்க்காத இலட்சக்கணக்கானவர்களின் காதில் அதன் சொற்கள் விழுந்திருக்கின்றன. உன் காதிலும் விழுந்தன. அதனால்தான் நீ என்னிடம் கேட்டாய். எளிய உரைகளும் இவ்வாறே உதவின. கலைஞர் கருணாநிதி 1987இல் ‘சங்கத் தமிழ்’ எழுதினார். சுஜாதா புறநானூற்றை எளிய தமிழில் அறிமுகம் செய்தார். ஏ.கே. ராமானுஜன் 1967இலிருந்தே சங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் உலகுக்குக் காட்டினார். இவை எல்லாம் வாசல்கள். வாசலைப் பழிப்பதில் பயனில்லை. உள்ளே போனால் அங்கே ஒரு மலை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். திரைப்பாட்டில் நிலவும் இருக்கிறது, சொல்லின் இனிமையும் இருக்கிறது. மலை மட்டும் இல்லை. நீ அதைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாய்.

ஹுன்னஸ்கிரிய ஆசிரியரின் பாட்டில் சொல்லினிமை குறைவாக இருந்திருக்கலாம். யாப்பும் இரண்டொரு இடத்தில் தட்டியது என்று நினைவு. மலை இருந்தது. பறிபோன மலையைப் பற்றிய பாட்டை, மலை பறிபோன ஒருவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தம் சனத்தின் முன்னால் பாடினார். பாரியின் மக்களுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் இருக்க முடியாது. அந்த உறவை அறியாமல் நகல் என்று எழுதியது என் பேனா. மலையைக் கொண்ட பேனாக்களைப் பற்றி அவர் எழுதியபோது அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளக் காரணம் இருக்கவில்லை. காரணத்தை நானே தபாலில் அனுப்பிவைத்தேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ, அல்லது அங்கிருந்து பெயர்ந்து வேறெங்கோ வாழும் குடும்பங்களிலோ, 1970களின் நடுவில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் இருக்கக்கூடும். அன்று பிரட்டுக் களத்தில் பாடிய பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதாவது இருக்கும். நிலா இரண்டு முறை வரும் பாட்டொன்று அவர்களில் யாருக்காவது நினைவிருந்தால், ஓரிரு வரியாக இருந்தாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இம்முறை ஓர் எழுத்தும் திருத்தாமல் பிரசுரிப்பேன்.